அப்பாவின் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

கேள்வி:

அம்மா, வணக்கம். எனக்கு 29 வயது. தஞ்சாவூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக ஒரு சிறிய நாடகக் குழுவில் நடித்து வருகிறேன். அடுத்த மாதம் அரங்கேறும் புதிய நாடகத்தில் முதன்முறையாக முக்கிய வேடம் கிடைத்திருக்கிறது. கல்லூரிக்குப் போன மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்த தகப்பன் வேடம். மகளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவில், மாலை போட்ட படத்தின் முன் நின்று அவர் பேசுவதோடு நாடகம் முடிகிறது. அந்தக் காட்சியில் எனக்கு அழுகை வரவில்லை. “உன் அப்பாவை நினைத்துக்கொள்” என்றார் இயக்குநர். என் அப்பா இறந்து பதினொரு மாதம் ஆகிறது. அவருடைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். முதல் இரண்டு நாள் கண்ணீர் கொட்டியது, எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு சொட்டும் வரவில்லை. நான்காம் நாள் பாதி வசனத்தில் அழத் தொடங்கி, நிறுத்த முடியாமல் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது இரவில் தூக்கம் சரியாக இல்லை. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று படித்து, வசனத்தை ஐந்தாகப் பிரித்து நோட்டில் குறித்தும் பார்த்தேன். செயற்கையாக இருக்கிறது. நான் நல்ல நடிகன் இல்லையா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்ணீர் வருவதை வைத்து ஒருவர் நல்ல நடிகரா என்று அளக்க முடியாது. முப்பது ஆண்டுகளாக நடிப்புப் பயிற்சி கொடுத்து வருகிறேன். சொன்ன நொடியில் அழக்கூடியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் மேடையில் உருகி உருகி அழுவார்கள். பார்ப்பவர் மனம் அசையாது. ஒரு துளிகூடச் சிந்தாமல் அரங்கையே அழவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா இறந்து பதினொரு மாதம். நாடகம் அடுத்த மாதம். அப்படியானால் அப்பாவின் முதல் ஆண்டுத் திதியும் அரங்கேற்றமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. யாரை அழைப்பது, என்ன சமைப்பது என்று வீட்டில் இப்போதே பேச்சு தொடங்கியிருக்கும். பகலெல்லாம் அந்தப் பேச்சு. மாலையில் ஒத்திகையில் அதே அப்பாவை மறுபடி இழக்க வேண்டும், அதுவும் கைதட்டல் வாங்குகிற அளவுக்கு. பிறகு எப்படித் தூக்கம் வரும்?

உங்கள் அப்பாவை இந்த நாடகத்துக்குள் கொண்டுவராதீர்கள். கடிகாரத்தையும் கொண்டுவராதீர்கள். இதை ஆலோசனையாக அல்ல, கண்டிப்பாகவே சொல்கிறேன்.

உங்கள் இயக்குநரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் காட்டிய வழி உலகம் முழுவதும் பழகிய வழிதான். மாஸ்கோ கலை அரங்கை 1898-ல் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, உணர்வு நினைவு என்ற கருத்தை ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளரிடமிருந்து எடுத்து நடிகர்களுக்குப் பழக்கினார். சொந்த வாழ்க்கையில் நடந்ததை நினைவுக்குக் கொண்டுவந்து அந்த உணர்வை வேடத்துக்குத் தருவது அது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1934-ல் அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் பாரிஸில் அவரைச் சந்தித்துச் சில வாரங்கள் பயின்றபோது, அவர் நினைவைத் தோண்டுவதைவிட, கதை கொடுக்கும் சூழலுக்கும் அதில் அந்த மனிதர் செய்யும் செயலுக்கும் முதலிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆட்லர் ஊர் திரும்பி இதைச் சொன்னபோது அவருடைய குழுவில் பெரிய சண்டையே வந்தது. உணர்வு நினைவை விடாமல் பிடித்துக்கொண்டவர் அந்தக் குழுவின் இயக்குநர்களில் ஒருவரான லீ ஸ்ட்ராஸ்பெர்க். ஆனால் அவரே, இந்தப் பயிற்சிக்கு எடுக்கும் நினைவு குறைந்தது ஏழு ஆண்டுப் பழையதாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தந்தார். ஆறாத புண்ணைக் கிளறினால் கலை வராது, இரத்தம்தான் வரும் என்பது அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கும் தெரியும். உங்களுக்குப் பதினொரு மாதம்தான் ஆகிறது.

கடிகாரத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஒரு பழைய கிரேக்கக் கதை நினைவுக்கு வந்தது. போலஸ் என்று ஒரு புகழ்பெற்ற நடிகர். ஏதென்ஸில் எலெக்த்ரா என்ற இளவரசியின் வேடம் கட்டினார். தம்பி இறந்துவிட்டான் என்று நம்பி, அவனுடைய சாம்பல் இருப்பதாகச் சொல்லப்படும் கலசத்தைக் கட்டிக்கொண்டு எலெக்த்ரா அழ வேண்டிய காட்சி. போலஸ் தன் சொந்த மகனின் சாம்பல் கலசத்தைக் கல்லறையிலிருந்து எடுத்து வந்து மேடையில் ஏந்தி அழுதார். அரங்கத்தை நிறைத்தது உண்மையான புலம்பல் என்று ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் எழுதி வைத்திருக்கிறார். நடிப்புப் பயிற்சியில் இதை வியந்து சொல்லாத ஆசிரியர் குறைவு. நானும் வியந்து சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மகனுக்காகப் போதிய அளவு துக்கம் காத்துவிட்டோம் என்று தோன்றிய பிறகுதான் அவர் தொழிலுக்குத் திரும்பினார். கலசத்தை எடுத்துவரும் முடிவும் அவருடையது. யாரும் கேட்டு அவர் எடுத்துவரவில்லை.

மூன்றாம் நாள் கண்ணீர் வற்றியதற்கு வெட்கப்படாதீர்கள். ஒரே நினைவைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது மரத்துப்போகும், அல்லது நான்காம் நாள் உங்களுக்கு நடந்ததுபோல் கட்டுக்கடங்காமல் உடையும். இரண்டில் எது எப்போது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உணர்ச்சியை மட்டும் நம்பும் நடிகர் ஒரு நாள் கொதிப்பார், மறுநாள் ஆறிப்போவார் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ எழுதினார். அதனால் நடிகர் எதையுமே உணரக்கூடாது என்று அவர் போனதை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் கண்ட நோய் சரியானது. இன்னொன்றும் பாருங்கள்: மேடையில் உங்களோடு நடிப்பவர் உங்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தன் வசனத்தைத் தொடங்க வேண்டும். நீங்கள் உடைந்து வெளியேறினால் அவர் மேடையில் தனியாக நிற்பார்.

சரி, அப்பாவை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டில் மகள் இறந்துபோனாள். கருமாதி முடிந்த மறுநாள் காலை, வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து ஆள் வந்திருந்தார். தகப்பனார் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் சீட்டை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். அண்டா இரண்டு, தாம்பாளம் ஆறு, சாம்பார் வாளி நான்கு. கரண்டியில் ஒன்று குறைந்தது. “பரவாயில்லை ஐயா, கிடைக்கும்போது கொடுங்கள்” என்றார் கடைக்காரர். இவர் கேட்கவில்லை. எழுந்து சமையற்கட்டுக்குப் போனார், கொல்லைக்குப் போனார், வாழையிலைக் குவியலைக் கிளறிப் பார்த்தார். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் கிடந்தது கரண்டி. அதை எடுத்துக் கழுவினார். புளி போட்டுத் தேய்த்தார். பளபளவென்று ஆன பிறகும் தேய்த்தார். பிறகு வேட்டி நுனியால் துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்து, “இப்போது சரியாக இருக்கிறதா, எண்ணிக்கொள்ளுங்கள்” என்றார். அவர் அழவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டோம்.

துக்கத்தில் இருப்பவர் துக்கப்பட முயற்சி செய்வதில்லை, தம்பி. வேறு எதையோ செய்ய முயல்கிறார். கணக்கை முடிக்கப் பார்க்கிறார், பசிக்கிறதா என்று விருந்தாளியைக் கேட்கிறார், அழுகையை அடக்கப் பார்க்கிறார். நீங்கள் ஒத்திகையில் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அழ முயல்கிறீர்கள். அதனால்தான் செயற்கையாகத் தோன்றுகிறது.

நம் நாடக மரபு இதை நன்றாக அறிந்திருந்தது. அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். பாம்பு கடித்து இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருகிறாள் சந்திரமதி. அவள் அழுவதற்கு மட்டும் வரவில்லை. பிள்ளையை எரிக்க வந்திருக்கிறாள். அதற்குக் கால் பணமும் முழத்துண்டும் கேட்கிறான் வெட்டியான். அவளிடம் இல்லை. கேட்பவன் கணவன் என்று அவளுக்குத் தெரியாது. வந்தவள் மனைவி என்று அவனுக்கும் தெரியாது. அந்தக் காட்சியில் சனங்கள் அழத் தொடங்கும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அவள் கதறும் இடத்தில் அல்ல. காசு இல்லையே என்று அவள் மன்றாடும் இடத்தில்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வருகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது, இழப்பது, பழைய நிலை கெட்டுத் தளர்வது, இல்லாமை. அழுகைக்கு மரணம் ஒன்றுதான் வாசல் என்று அந்த நூல் நினைக்கவில்லை. சந்திரமதிக்கு நான்கும் ஒரே இரவில் வந்து சேர்கின்றன. உங்கள் தகப்பனுக்கு எவை? நாடகப் பிரதியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மருத்துவமனைப் பிணவறை வாசலில் யாராவது அவரை “ஓரமாக நில்” என்று சொன்னார்களா? கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் பாக்கி இருக்கிறதா? ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவர் இப்போது எதிரில் வருபவர் கண்ணைத் தவிர்க்கிறாரா? பிரதியில் இருப்பதைப் பொறுக்குங்கள். இல்லாததை இயக்குநரோடு பேசி முடிவு செய்யுங்கள். இழவு ஒன்றையே அழுத்திக்கொண்டிருந்தால் காட்சி ஒரே சுருதியில் நிற்கும்.

பிறகு அந்தக் கடைசிப் பேச்சு. படத்தின் முன் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மகளிடம் என்ன கேட்கிறார்? பேசுவதெல்லாம் ஏதோ ஒன்றைப் பெறுவதற்குத்தான். மன்னிப்பா? “அன்று காலையில் நான் கொண்டுபோய் விட்டிருக்கலாமே” என்பதா? அல்லது அவள்மேல் கோபமா? இறந்தவர்மேல் வரும் கோபத்தை நடிகர்கள் தொடத் தயங்குகிறார்கள். ஆனால் “இப்படி விட்டுட்டுப் போயிட்டியே” என்று கேட்காத ஒப்பாரி எங்கே இருக்கிறது? ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு வினைச்சொல் எழுதுங்கள்: கெஞ்சுகிறார், அதட்டுகிறார், ஏமாற்றுகிறார், சமாதானம் சொல்கிறார். ‘வருந்துகிறார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதை மேடையில் செய்துகாட்ட முடியாது.

ஐந்து கட்டங்களை விட்டுவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது, தாங்கள் இறக்கப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளிடம் பேசித்தான். பிரிந்தவரை நினைத்து வாழ்பவர்களுக்கு அதை அட்டவணைபோல் பொருத்தியது பிறகு நடந்தது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது நடிகருக்கு இன்னும் உதவும்: துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறி ஊசலாடுகிறார். ஒரு வரியில் மகள், அடுத்த வரியில் காலையில் பால்காரருக்குக் காசு கொடுக்க வேண்டுமே என்ற நினைப்பு, மறுபடி மகள். உங்கள் சொந்தப் பதினொரு மாதத்தையே பாருங்கள், அப்படித்தானே இருந்திருக்கும்.

இனி உடம்பு. அழுகைக்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது! விசும்பல், விம்மல், தேம்பல், கேவல், பொருமல், குமுறல், கதறல். இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் மூச்சு வேறு. விசும்பும்போது மூச்சு துண்டு துண்டாக உள்ளே போகிறது. பொருமும்போது நெஞ்சில் நின்று வெளியேற மறுக்கிறது. தேம்பல் அழுது ஓய்ந்த பிறகும் தங்குவது. குழந்தைகள் தூக்கத்தில்கூடத் தேம்புவார்கள். சிலி நாட்டு ஆய்வாளர் சுசானா பிளாக், ஒவ்வோர் அடிப்படை உணர்ச்சிக்கும் தனி மூச்சும் உடல்நிலையும் முகபாவமும் உண்டு என்று கண்டு, அவற்றையே நடிகர்களுக்குப் பயிற்சியாக்கினார். மூச்சைச் சரியாக எடுத்தால் உணர்ச்சி பின்னாலேயே வரும். சொந்த நினைவு எதையும் கூப்பிட வேண்டியதில்லை. தினமும் பத்து நிமிடம், வசனம் இல்லாமல், இந்த ஏழு சொற்களையும் மூச்சால் மட்டும் செய்து பாருங்கள். முடித்ததும் எழுந்து நின்று, நீளமாக மூச்சுவிட்டு, முகத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போவதைப் போலவே வெளியே வருவதும் பயிற்சியின் பகுதி.

இது பொய் என்று தோன்றுகிறதா? ‘கூலிக்கு மாரடிப்பது’ என்பதை நாம் வசையாகச் சொல்கிறோம். எனக்கு அந்த வசை பிடிப்பதில்லை. ஒப்பாரி பாடும் அம்மாக்களைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். தோளோடு தோள் சேர்த்து ஆடிக்கொண்டே, அடியின் கடைசியை இழுத்து, அந்த இழுவையிலேயே மூச்சை எடுத்து, மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த அடியைப் பிடிப்பார்கள். ராகமும் மூச்சும் எண்ணிக்கையும் தவறாது. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் வீட்டுக்காரப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு அழ முடிகிறது.

குரலையும் கவனியுங்கள். உண்மையாக அழும்போது குரல்வளை மேலேறித் தொண்டை இறுகும், சொல் நசுங்கும். மைக் இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்காரருக்கு ஒரு முனகல்தான் போய்ச்சேரும். கண்ணீரோ மூன்று வரிசைக்கு அப்பால் தெரியாது. தெரிவது முதுகு, தோள், கை. உங்களுக்கு 29 வயது. கல்லூரிப் பெண்ணின் தகப்பனுக்கு ஐம்பது இருக்கும். பதினாறு நாள் சரியாகத் தூங்காத ஐம்பது வயது உடம்பு எப்படி உட்காரும், எதைப் பிடித்துக்கொண்டு எழும் என்று கண்டுபிடியுங்கள். பாதி வேடம் அதில் இருக்கிறது.

ஒவ்வோர் ஒத்திகைக்கும் பிறகு ஒன்று செய்யுங்கள். துக்க வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தானே வீட்டுக்குள் நுழைகிறோம்? அதையே செய்யுங்கள். வேட உடையை அங்கேயே கழற்றி மடித்து வைத்துவிட்டு, சக நடிகரிடம் உங்கள் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடுங்கள். அதன் பிறகு வசனத்தைப் புரட்டாதீர்கள். இரண்டு வாரத்தில் தூக்கம் சீராகவில்லை என்றால், அல்லது பகலிலும் மனம் பாரமாகவே இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இயக்குநரிடம் தனியாகப் பேசுங்கள், எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம். “அண்ணே, அந்தக் காட்சியை நான் கொடுப்பேன். ஆனால் ஒத்திகையில் என் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டாம். திதி முடியும்வரை கடைசிக் காட்சியை வசனத்துக்காக மட்டும் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். நல்ல இயக்குநர் இதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார். அரங்கேற்றத் தேதி திதியன்றே விழுந்தால் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு வேடம் உங்களை அழுத்தினால், இந்த முறை வேறொருவர் செய்யட்டும் என்று விட்டுக்கொடுப்பதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படி நடக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. செயற்கையாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறதே.

அந்தத் தகப்பனுக்கும் ஒரு கடிகாரம் வேண்டும் என்று தோன்றினால் பழைய பொருட்கள் விற்கும் கடையில் ஒன்று வாங்குங்கள். ஓடாததாக இருந்தாலும் பரவாயில்லை. அது எப்படி அவரிடம் வந்தது, மகள் முதல் உதவித்தொகையில் வாங்கித் தந்ததா என்பதையெல்லாம் நீங்களே கற்பனை செய்யுங்கள். அப்பாவின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

அரங்கேற்றத் தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள். ஊரில் இருந்தால் வருகிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஏதாவது ஒரு சொல் என் காதுக்கு வராமல் போனால், முடிந்ததும் வந்து எந்தச் சொல் என்று சொல்லுவேன்.